ஐயாவின் பழைய நேவி சர்வீஸ்: அப்பத்தாவுக்குப் பென்ஷன் உண்டா? மகளுக்கு ஆபீசர் தேர்வில் சலுகை உண்டா?

கேட்டவர்: உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விஷயம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது, பிரிக்கத் தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) வெள்ளைக்காரன் காலத்தில் நேவியில் இருந்தவர். 1943-ல் சேர்ந்தார், மண்டபத்தில் பயிற்சி, அப்புறம் பர்மா பக்கம் அராக்கான் கரைக்குப் போனார். "வாயைப் பிளக்கிற படகு" என்று ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். படகு கரையில் முட்டினதும் முன்பக்கம் கதவு மாதிரி விழுமாம், உள்ளேயிருந்து பட்டாளம் இறங்கி ஓடுமாம். சண்டை முடிந்து 46-ல் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு தனுஷ்கோடியில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை பார்த்தார். 64 டிசம்பர் புயலில் வீடே போனதால் டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்த டிரங்குப் பெட்டியும் கடலோடு போய்விட்டது. மிஞ்சினது அப்பத்தாவின் அண்ணன் வீட்டில் இருந்த ஒரு போட்டோவும் ரெண்டு பதக்கமும்தான். ஒன்று வட்டம், மற்றது நட்சத்திரம் மாதிரி. போட்டோவில் ஐயா தொப்பியில் எச்.எம்.ஐ.எஸ். (மன்னரின் இந்தியக் கப்பல் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் இருக்கிறது, கப்பல் பெயர் இல்லை.

ஐயா இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அப்பத்தா இருக்கிறார், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இதுவரை ஒரு பைசா பென்ஷன் வந்ததில்லை. கேட்கணும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

இப்போது எப்படித் தோன்றியது என்றால், என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மேத்ஸ் பயாலஜி குரூப். இங்கே இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து விமானம் எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலேதான் போகும், அதைப் பார்த்தே வளர்ந்தவள். நேவியில் அதிகாரியாகத்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதம். இதைக் கேள்விப்பட்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். "உங்க ஐயா நேவியில் இருந்தவர், அந்த வாரிசு கோட்டாவில் கேடட் சீட் வாங்கித் தரலாம், டெல்லியில் ஆள் இருக்கு, அதோட அப்பத்தாவுக்கு லண்டன்லேர்ந்து அரியர்ஸோட பென்ஷனும் வரும்" என்றார். கேட்கிற தொகை லட்சத்தில். என் மச்சான் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்படி ஒரு கோட்டா இருக்கிறதா? அப்பத்தாவுக்கு ஏதாவது கிடைக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: முன்னாள் கடற்படையாளர், ராமநாதபுரம்

தம்பி, முதலில் அந்த ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள். கடற்படை அதிகாரி தேர்வில் முன்னாள் வீரர் வாரிசுக்கென்று ஒரு இடமும் ஒதுக்கீடு கிடையாது. மகனுக்கும் கிடையாது, மகளுக்கும் கிடையாது, கொள்ளுப்பேத்திக்குக் கேட்கவே வேண்டாம். நான் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவன், என் பிள்ளைக்கே அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. மாநிலக் கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் உண்டு, அமராவதிநகர் சைனிக் பள்ளியிலும் உண்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் இவர்கள் ஊர் ஊராகக் கதை கட்டுகிறார்கள்.

சரி, அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் அவசரம். உங்கள் மகளுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, அப்பத்தாவுக்கு நாள் முக்கியம்.

ஐயாவுக்கு ஏன் பென்ஷன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். யாரோ மறந்துபோய் விட்டதல்ல, அன்றைய விதியே அப்படி. 1939-ல் ராயல் இந்தியன் நேவியில் மாலுமிகள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. போர் வந்ததும் மளமளவென்று ஆள் எடுத்து முப்பதாயிரம் வரை கொண்டுபோனார்கள். எடுத்ததில் பெரும்பகுதி போர் முடிகிற வரைக்கும் என்ற கணக்கில்தான். சிப்பாய், மாலுமி யாருக்கும் சர்வீஸ் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் சேவை வேண்டும். மூணு வருஷம் அராக்கானில் குண்டுக்கு நடுவே படகு ஓட்டினவருக்கு, கையில் ஒரு கிராஜுவிட்டியும் ரயில் வாரண்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்தது. ராமநாதபுரம் சீமையில் இப்படி வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் பயனியர் கோர், சர்வீஸ் கோர் என்று தரைப்படையில் போனவர்களுக்கும் இதே கதைதான். எனக்கு இதில் இன்றைக்கும் ஆறாத வருத்தம் உண்டு.

ஆனால் பென்ஷன் இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் நிதியுதவி தருகிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக வரும், ராமநாதபுரத்திலேயே மாவட்ட அலுவலகம் இருக்கிறது. அது தவிர மத்திய சைனிக் வாரியத்தில் வறுமை நிதியுதவி என்று ஒன்று உண்டு. 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தாரும் அதற்குச் சமமான பதவியும் வரை இருந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் உரியது. அதற்கும் மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம் போகணும். எது அப்பத்தாவுக்குப் பொருந்தும் என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். தரகர் யாரும் நடுவில் வேண்டாம்.

ஆவணம்தான் சிக்கல், அதுவும் தீராத சிக்கல் இல்லை. பதக்கத்தை எடுத்து விளிம்பைப் பாருங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தப் போருக்கு இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் கிடையாது, இந்தியாவில் வழங்கினவற்றில் பெரும்பாலும் எண், பதவி, பெயர் மூன்றையும் பொறித்திருப்பார்கள். நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். நட்சத்திரத்தோடு ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தால் நிறம் பாருங்கள். நடுவில் அகலமாகச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு இருந்தால் அது பர்மா ஸ்டார், அராக்கான் கதைக்கு அதுவே சாட்சி.

தொப்பியில் கப்பல் பெயர் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போர்க்காலத்தில் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பெயரை எடுத்துவிட்டு எச்.எம்.ஐ.எஸ். என்று மட்டும்தான் போடுவார்கள். ஐயா சொன்ன வாயைப் பிளக்கிற படகும் பொய்யில்லை. துருப்புகளைக் கரையில் இறக்குகிற லேண்டிங் கிராப்ட் அது. அதற்கான பயிற்சித் தளம், எச்.எம்.ஐ.எஸ். ஹம்லா, அப்போது மண்டபத்தில்தான் இருந்தது. பிறகுதான் மும்பை மார்வேக்கு மாற்றினார்கள், இன்றைக்கும் அங்கே ஐ.என்.எஸ். ஹம்லா என்ற பெயரிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் மண்டபம், லேண்டிங் கிராப்ட், அராக்கான் மூன்று சொல்லையும் எழுதுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.

மாலுமிகளின் பழைய ஆவணங்கள் மும்பை மான்கூர்டில் சீட்டா கேம்ப்பில் இருக்கிற மாலுமிகள் பீரோவின் பொறுப்பு. நீங்கள் நேராகவும் எழுதலாம், மாவட்ட அலுவலகம் வழியாக எழுதினால் இன்னும் நல்லது. ஐயாவின் முழுப்பெயர், அவருடைய அப்பா பெயர், அந்தக் காலத்து ஊர், தாலுகா, சேர்ந்த வருஷம், விடுபட்ட வருஷம் எல்லாம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெயரை நாலைந்து விதமாக எழுதிக் கொடுங்கள். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், முத்துராமலிங்கம் என்ற பெயரையே எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதில்: தொண்டி டீச்சர்

அண்ணன் அப்பத்தா விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். நான் பிள்ளை விஷயத்தைச் சொல்கிறேன். மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இந்தத் தேர்வு எழுதுவதால் அதன் நடைமுறை தெரியும்.

சகோதரரே, உங்கள் மகள் சரியான குரூப்பில்தான் இருக்கிறாள். கடற்படைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் கட்டாயம், வெறும் பயாலஜி குரூப் என்றால் இங்கேயே கதை முடிந்திருக்கும். பிளஸ் டூ முடித்துப் போக இரண்டு வழி. ஒன்று, யு.பி.எஸ்.சி. நடத்துகிற என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு, வருஷத்துக்கு இரண்டு தடவை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம், வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்கணும். கணக்குக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600. அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்வு செய்கிற வாரியம்) நேர்முகத்துக்கு இன்னொரு 900. எழுத்துத் தேர்வும் நேர்முகமும் சமபங்கு, அதைக் கவனியுங்கள். இரண்டாவது வழி பி.டெக். கேடட் நுழைவு. இதற்குத் தனி எழுத்துத் தேர்வு இல்லை, ஜே.இ.இ. மெயின் ரேங்க் பார்த்து நேராக எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்து 70 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். தேர்வானால் கேரளத்தில் கண்ணூர் பக்கம் எழிமலை கடற்படை அகாடமியில் நாலு வருஷம் பி.டெக்., செலவு முழுக்கக் கடற்படையுடையது.

என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் கிடையாது. அந்த மனிதர் கேட்கிற லட்சத்தை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் நாடு முழுக்கச் சேர்த்து என்.டி.ஏ.யில் கடற்படைக்கு 42 இடம்தான், பெண்களுக்கு அதிலும் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே 2022 வரை இல்லை. என்.டி.ஏ.யில் அந்த வருஷம்தான் முதல் பெண்கள் அணி உள்ளே போனது, அதில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் இல்லை, நம் பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் போட்டாலே பெரும்பகுதி வந்துவிடும். விழுவது ஆங்கிலத்தில். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழ் கிடையாது, பொது அறிவுத் தாளில் ஆங்கிலத்துக்கே 200 மதிப்பெண். தமிழ் மீடியம் பிள்ளை என்றால் இன்றிலிருந்து தினம் ஒரு ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், படித்ததை அவள் வார்த்தையிலேயே ஆங்கிலத்தில் உங்களுக்குச் சொல்லட்டும், உங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ உட்கார்ந்து கேளுங்கள். எஸ்.எஸ்.பி.யில் இலக்கணப் பிழைக்காக யாரையும் தள்ளுவதில்லை, குழுவில் வாயே திறக்காத பிள்ளைதான் முதல் நாளே திரும்பி வருகிறது. அஞ்சு நாள் நடக்கும். முதல் நாள் சல்லடை, அதில் தங்கினவர்களுக்கு மனோதத்துவ எழுத்து, குழுப் பணிகள், நேர்முகம். தேறினவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை. நிறக்குருடு இருக்கிறதா என்று இப்போதே ஒரு கண் டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாத்தையும் தாண்டிவிட்டு அங்கே போய் நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

இன்னொன்று. அவள் நீந்துவாளா? உச்சிப்புளிப் பிள்ளை, கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நம் ஊரில் பையன்களைத்தான் தண்ணீரில் விடுகிறோம், பெண்பிள்ளையைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறோம். நீச்சல் தெரியாமலும் சேரலாம், உள்ளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தெரிந்து போனால் முதல் மாதங்களில் உடம்பும் மனசும் தாங்கும்.

பதில்: கீழக்கரை வாசி

லண்டன் பென்ஷன் என்ற பேச்சு எங்கள் பக்கமும் வந்தது, அதனால் எழுதுகிறேன். பிரிட்டிஷ் அரசு அந்தக் காலத்து இந்திய வீரர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ அரியர்ஸோடு பென்ஷன் கொடுப்பதெல்லாம் இல்லை. 1947-க்குப் பிறகு அந்தப் பொறுப்பு இந்திய அரசுக்கும் பாகிஸ்தான் அரசுக்கும் வந்துவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு, எனக்குப் படித்தபோது நெஞ்சு கொதித்தது. 1948 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஸ்டெர்லிங் கணக்கு ஒப்பந்தம் போட்டன. போர்க்காலத்தில் இந்தியா கொடுத்த சரக்குக்கும் படைக்கும் பிரிட்டன் நமக்குப் பட்டிருந்த கடன் அது. அந்தக் கடனிலிருந்தே, இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷனுக்கென்று மத்திய அரசு சார்பில் 14.75 கோடி பவுண்டு, மாகாணங்கள் சார்பில் 2.05 கோடி பவுண்டு ஒதுக்கி வைத்தார்கள். துரைமார்களின் பென்ஷனுக்கு நம் பணத்தில் முன்கூட்டியே ஏற்பாடு நடந்தது. உச்சிப்புளி ஐயா போன்றவர்களுக்கு ரயில் வாரண்ட்.

இங்கிலாந்திலிருந்து வருவது ஒன்று உண்டு, அது பென்ஷன் இல்லை. காமன்வெல்த் முன்னாள் படைவீரர் சங்கம் 1921-லிருந்து இருக்கிறது, சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் பணியாற்றி இப்போது வறுமையில் இருக்கும் முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் உதவித்தொகை அனுப்புகிறது. அதற்கும் உள்ளூர் முன்னாள் வீரர் அமைப்புகள் வழியாகத்தான் போகணும், கமிஷன் கொடுத்து வாங்குகிற பணம் இல்லை அது.

எங்கள் வீட்டுக் கதையும் ஒன்று. என் பாட்டியின் மூத்த அண்ணன் சரக்குக் கப்பலில் கலாசியாகப் போனவர், போரில் கப்பலோடு மூழ்கிவிட்டார். கீழக்கரை, தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று இந்தக் கரையில் தேடினால் இப்படி நிறைய வீடு கிடைக்கும். கடற்படையில் இல்லாததால் முன்னாள் படைவீரர் கணக்கில் இவர்கள் வர மாட்டார்கள், அது வேறு சட்டம். ஆனால் பெயராவது இருக்கிறது. கடலில் போன இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் கிட்டத்தட்ட ஆறாயிரம் பேரையும், கடற்படையினர் நானூறு பேருக்கு மேலேயும் சேர்த்து, மும்பைக்கும் சிட்டகாங்குக்கும் பொதுவான நினைவேடு ஒன்று இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. இந்தத் திரியைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது போருக்குப் போய்த் திரும்பாத பெரியப்பாவோ பெரியவாப்பாவோ இருந்தால் ஒருதடவை தேடிப் பாருங்கள்.

கேட்டவர்: உச்சிப்புளிக்காரன்

மூன்று பேருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடியாது. மச்சானை உட்கார வைத்து இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். தரகருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

பதக்கத்தை வெயிலில் வைத்துப் பார்த்தோம். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் எழுத்து இருக்கிறது, எண் முழுசாகத் தெரிகிறது, ஐயா பெயர் பாதி தெரிகிறது. அப்பத்தாவிடம் காட்டினால், "இத வச்சு என்னடா கேக்கப் போறீக, அவுக கேக்காமலே போயிட்டாகளே" என்கிறார்.

அண்ணே, உங்களிடம் இன்னொரு கேள்வி. ஐயா 46-ல் வந்தார் என்றேன் இல்லையா, அந்த வருஷம் பம்பாயில் மாலுமிகள் கலகம் நடந்ததே, அதில் இருந்ததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று பெரியப்பா சொல்கிறார். அப்படியானால் தியாகி பென்ஷன் கேட்கலாமா?

பதில்: முன்னாள் கடற்படையாளர், ராமநாதபுரம்

எண் கிடைத்தது பெரிய விஷயம் தம்பி, மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கலகம் 1946 பிப்ரவரி 18-ல் தல்வார் தளத்தில் சாப்பாட்டுப் பிரச்சினையில் ஆரம்பித்து, எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவியது. அதற்காக 476 பேரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஆனால் அதே வருஷம் போர் முடிந்ததற்காகச் சும்மாவே ஆயிரக்கணக்கானவர்களை விடுவித்தார்கள், 46-ல் வந்தவர்கள் எல்லாரும் கலகக்காரர்கள் இல்லை. தியாகிகள் பென்ஷன் 1972-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் இந்தக் கடற்படைக் கலகமும் அங்கீகரித்த போராட்டங்கள்தான். ஆனால் சிறை போனதற்கோ, அந்தக் காரணத்துக்காக வேலை போனதற்கோ அந்தக் காலத்து அரசு ஆவணம் கேட்பார்கள், வாய்வார்த்தை நிற்காது. அதனால் இப்போதைக்கு அதைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள். மும்பையிலிருந்து சர்வீஸ் விவரம் வரட்டும், விடுவித்த காரணம் அதிலேயே எழுதியிருக்கும். கலகம் என்று இருந்தால் அப்போது தனியாக விண்ணப்பிக்கலாம். விதவை உதவித்தொகை மனுவில் ஒரு வார்த்தைகூட இதைக் கலக்க வேண்டாம், கலந்தால் ரெண்டும் கிடப்பில் போகும்.

ஒரு விஷயம் மனசில் இருப்பதால் சொல்கிறேன். உங்கள் ஐயா சேர்ந்த நேவியில் அவரைப் போன்றவர் அதிகாரி ஆவது நடக்காத காரியம். நீராவி அறைக்கும் படகுக்கும்தான் நம் கரைப் பையன்களை எடுத்தார்கள். அந்தப் படையில் முதல் இந்தியர் அதிகாரியானதே 1928-ல்தான். பம்பாயில் டபரின் என்ற பயிற்சிக் கப்பலை 1927-ல் திறந்தார்கள், வீட்டில் வசதியும் ஆங்கிலப் படிப்பும் இருந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதில் ஏற முடிந்தது. அதன் முதல் அணியில் போனவர் நம் செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி, 1958-ல் இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தளபதியாக வந்தார். அதுவரை சுதந்திர நாட்டின் கடற்படைக்கே வெள்ளைக்காரர்தான் தலைமை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.பி.யில் ஏன் கடற்படை என்று கேட்பார்கள், ஐயாவைப் பற்றி அவள் தெரிந்து வைத்துப் பேசினால் அது மனப்பாடம் செய்த பதிலாக இருக்காது.

பதில்: தொண்டி டீச்சர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. அதிகாரித் தேர்வு மட்டுமே குறி என்று வைத்துக்கொண்டு பிள்ளை ஒரு வருஷத்தை வீணாக்கிவிடக் கூடாது. கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுங்கள். பட்டம் முடித்த பிறகும் கடற்படைக்கு வழி உண்டு, என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருக்கிற கல்லூரியாகப் பார்த்தால் கூடுதல் நல்லது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நடத்துகிற இலவசப் பயிற்சி பற்றி யாராவது சொன்னால், அது கடலோரக் காவல்படையில் நாவிக், கடற்படையில் மாலுமி வேலைக்கானது, அதிகாரி தேர்வுக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் நல்ல வேலைதான், பாதை வேறு.

பதில்: முன்னாள் கடற்படையாளர், ராமநாதபுரம்

அலுவலகம் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: பதக்கம், போட்டோ, விளிம்பைப் பெரிதாக எடுத்த படம், ஐயாவின் இறப்புச் சான்றிதழ், அப்பத்தாவின் ஆதார், அப்பத்தா பெயரில் தனியாக ஒரு வங்கி பாஸ்புக். ஆதாரில் கணவர் பெயர் எழுத்து மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், அதில்தான் நிறைய மனு திரும்பி வருகிறது. அப்பத்தாவை முதல் நாளே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம், நீங்கள் மட்டும் போய் விசாரித்துப் படிவம் வாங்கி வாருங்கள். நான் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன்.